விவாதம்: அழிந்துவரும் மனிதக் குரங்குகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு அருகில் காட்ட வேண்டுமா?

கோம்பாக் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் அவர்களை ஒரு விலங்குக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றோம். எந்தச் சாலை என்பதைக் குறிப்பிடவில்லை. நான் கேட்க வந்தது அதன் நிர்வாகத்தைப் பற்றியதன்று.

தூறல் விழுந்துகொண்டிருந்ததால் ஓராங் ஊத்தான் ஒன்று, வயதான பெண், கோணிப்பையைத் தலையில் போர்த்தியபடி கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருந்தது. மிதிவண்டியிலிருந்து விழுந்து முழங்கையில் கட்டுப் போட்டிருந்த எங்கள் மாணவன் ஒருவன் அந்தக் கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு நின்றான். குரங்கு அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டையே பார்த்தது. பிறகு கீழுதட்டைக் கிண்ணம்போல் நீட்டிக்கொண்டு, கட்டின் ஒட்டுநாடா பிரிந்து தொங்கிய இடத்துக்கு நேராகக் கண்ணாடியின் மேல் சுட்டுவிரல் நகத்தால் சுரண்டியது. அவன் கையைச் சற்று மேலே நகர்த்தினான். நகமும் மேலே போனது. அடுத்த கூண்டுக்கு வரும்படி நாங்கள் அழைத்தும் பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை.

மறுவாரம் வகுப்பில் அவர்கள் கேட்ட கேள்விகள்தாம் என்னை இதை எழுத வைத்தன. காட்டில் எத்தனை மிச்சம், யார் கொல்கிறார்கள், அந்தக் குரங்குக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டார்கள். அழிந்துவரும் விலங்குகளைப் பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எவரும் இப்படிக் கேட்டதில்லை. ஆகவே இந்தப் பயணத்தை ஆண்டுதோறும் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு மேல், வேறோர் இடத்தில் கட்டணம் கட்டினால் குட்டி ஓராங் ஊத்தானுக்கு அருகில் நின்று பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெற்றோர் சொன்னார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் இரண்டையுமே எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

செந்தூல் வாசகன்

வணக்கம், ஆசிரியை அவர்களே. அந்த நிகழ்ச்சியைக் கண்ணால் பார்ப்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவை நான் எதிர்க்கிறேன்.

அந்தக் குரங்கு உங்கள் மாணவனிடம் பரிவு காட்டியதாகப் பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள். காட்டிலிருக்கும் ஓராங் ஊத்தான் பொழுதெல்லாம் பழம் தேடி, மரப்பட்டை உரித்து, கறையான் புற்றைப் பிளந்து தின்று, மாலையில் கிளைகளை மடக்கிப் புதுக்கூடு கட்டித்தான் உறங்கும். அப்படிக் கையும் மூளையும் ஓயாத ஓர் உயிருக்குச் செய்வதற்கு ஏதுமில்லாதபோது, பிரிந்து தொங்கும் ஒட்டுநாடாகூட ஒரு வேலையாகி விடுகிறது. நீங்கள் நெகிழ்ந்தது அதன் சலிப்பைக் கண்டு என்றுதான் நான் சொல்வேன்.

எத்தனை மிச்சம் என்று பிள்ளைகள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. போர்னியோ, சுமத்ரா, 2017 இல் தனி இனமென்று அறிவிக்கப்பட்ட தப்பானுலி ஆகிய மூன்று இனங்களுமே மிக மோசமான அழிவு அபாயத்தில் இருப்பதாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் கூறுகிறது. தப்பானுலி இனத்தில் 800க்கும் குறைவாகவே உள்ளன. ஒரு தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும் என்பதால், காட்டில் ஒரு தாய் சுடப்பட்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு தலைமுறை ஆகும். கூண்டில் பிறக்கும் குட்டி இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

குட்டியோடு படம் எடுத்துக்கொள்வதை அறவே விட்டுவிடுங்கள். மனிதருக்குப் பக்கத்தில் நிற்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்த்தவர்கள், காட்டில் அந்த இனத்துக்கு ஆபத்தில்லை என்று எண்ணவும் அதை வீட்டில் வளர்க்க ஆசைப்படவும் கூடுதல் வாய்ப்பு உண்டென்று சிக்காகோவின் லிங்கன் பார்க் விலங்குக்காட்சிச் சாலை ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். விழிப்புணர்வு ஊட்டுவதாகச் சொல்லி அதற்கு நேர்மாறானதைப் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஏற்றி அனுப்புவோம்.

அம்பாங் பழனி

நான் பல ஆண்டுகள் விலங்குப் பராமரிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். செந்தூல் நண்பர் புத்தகத்தில் உள்ளதைச் சரியாகவே சொல்கிறார். ஆனால் கூண்டுக்குள் நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் அல்லர் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெட்டிய கிளைகளை லோரியில் கொண்டுவந்து திடலில் கொட்டினால், பெண் குரங்கு தடித்த கிளைகளைக் குறுக்கே வைத்து, மெல்லியவற்றை உள்நோக்கி மடக்கி, மேலே இலைகளைப் பரப்பி அரை மணி நேரத்துக்குள் கூடு கட்டிவிடும். குட்டி அருகில் உட்கார்ந்து இரண்டு குச்சியை மடக்கி, அதன்மேல் தான் ஏறி உட்கார்ந்து, சரியாக வரவில்லை என்றால் தாயின் கூட்டிலிருந்து ஒன்றை உருவும். தாய் அதைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கும். நாங்கள் மூங்கில் குழாய்க்குள் தேனைப் பூசி வைப்போம், வேர்க்கடலையை உறைந்த பனிக்கட்டிக்குள் வைப்போம். எல்லாம் அவற்றின் கைக்கு வேலை கொடுக்கத்தான். ஆசிரியை பார்த்த கோணிப்பைகூடச் சலிப்பினால் வந்ததன்று. மழை வந்தால் காட்டு ஓராங் ஊத்தானும் இலைக்கிளையை ஒடித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்கிறது.

சரி, கூண்டு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கிழவி எங்கே போவாள்? எந்தப் பழம் எந்தப் பருவத்தில் எந்த மரத்தில் பழுக்கும் என்பதைக் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு திரியும் ஆண்டுகளில்தான் கற்கிறது. கூண்டில் பிறந்து கிழமாகிவிட்டதைக் காட்டில் விட்டால் பட்டினிதான். சபாவின் செப்பிலோக் மறுவாழ்வு மையம் 1964 முதல் அனாதைக் குட்டிகளைக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்குகிறது. இளம் குட்டிகளுக்கே அங்கே பல ஆண்டுகள் பிடிக்கின்றன.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. 1963 இல் திறக்கப்பட்ட நமது தேசிய விலங்குக்காட்சிச் சாலையை நடத்துவது அரசு அன்று, மலேசிய விலங்கியல் சங்கம். 2020 இல் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வாசல் மூடப்பட்டபோது நுழைவுச்சீட்டு வருமானம் நின்றது. பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். நாம் போகாமல் இருந்தால் குரங்கு விடுதலையாகாது, அதன் தட்டுதான் காலியாகும்.

பினாங்குக் கடலோரம்

பழனி ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நல்ல பராமரிப்பாளர் ஒருவரை வைத்து ஒரு முறை முழுவதையும் நியாயப்படுத்த முடியாது. எங்கள் பினாங்கிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள பேரா மாநிலத்துத் தைப்பிங்கில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2002 இல் நைஜீரியாவிலிருந்து நான்கு இளம் கொரில்லாக்கள் தைப்பிங் விலங்குக்காட்சிச் சாலைக்கு வந்தன. அங்கே ஒரு பல்கலைக்கழக விலங்குக்காட்சிச் சாலையில் பிறந்தவை என்று ஆவணங்கள் கூறின. பின்னர் அவை காட்டிலிருந்து கடத்தப்பட்டவை என்பது வெளிவந்தது. 2004 இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு அனுப்பப்பட்டு, 2007 இல்தான் கேமரூனிலுள்ள லிம்பே வனவிலங்கு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உலகில் எங்கோ ஒரு சாலைக்கு மனிதக் குரங்கு வேண்டும் என்ற தேவை இருக்கும் வரை, அந்தத் தேவையை நிறைவேற்ற ஒருவன் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவான். தாயைக் கொல்லாமல் குட்டியைப் பிரிக்க முடியாது என்பது எல்லா மனிதக் குரங்கினத்துக்கும் பொருந்தும்.

அதே பேராவில் புக்கிட் மேராவில் உள்ள ஓராங் ஊத்தான் தீவுக்கு நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன். அங்கே கம்பிவலைக் கூட்டுப் பாதைக்குள் நடப்பவர்கள் நாம். குரங்குகள் வெளியே மரங்களில் இருக்கின்றன. ஓர் இளம் ஆண் பாதையின் கூரைமேல் ஏறி, எங்களோடு வந்த தாத்தாவின் தொப்பிக்கு நேர் மேலே உட்கார்ந்து சிறுநீர் கழித்தது. தாத்தா சிரித்துவிட்டார், பாட்டிக்குத்தான் கோபம். அதுவும் கட்டணம் கட்டிப் பார்க்கும் இடந்தான், முழுமையான விடை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் யார் கூண்டில் இருக்க வேண்டும் என்ற கேள்வியைப் பிள்ளைகள் அங்கே தாமாகவே கேட்கிறார்கள்.

அம்பாங் பழனி

தைப்பிங் விவகாரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை, தம்பி. 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், விலங்குக்காட்சிச் சாலைகளை நடத்துவதற்கென்று 2012 இல் வந்த விதிமுறைகளும் அதற்குப் பிந்தியவை. இன்று தீபகற்பத்தில் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் அனுமதியின்றி யாரும் விலங்குக்காட்சிச் சாலை நடத்த முடியாது.

கிள்ளான் தோட்டத்துப் பிள்ளை

இரு தரப்பையும் படித்தேன். கண்ணாடிக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்று வாதிடுகிறீர்களே தவிர, அந்தக் குரங்குக்குக் காடு ஏன் இல்லாமல் போனது என்பதை யாரும் எடுக்கவில்லை. நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். என் தந்தை குலை வெட்டியவர். ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் ஒரு செம்பனை மரத்தையும் ஒரு குட்டி ஓராங் ஊத்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுகிறார்கள். அதைப் பார்க்கும் நம் பிள்ளைகள், தாத்தா வெட்டிய குலைதான் குரங்கைக் கொன்றது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீபகற்பத்துக் காடுகளில் இன்று ஓராங் ஊத்தானே கிடையாது. மலேசியாவில் அவை போர்னியோத் தீவிலுள்ள சபா, சரவாக்கில்தான் வாழ்கின்றன. 1917 இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகச் செம்பனை நடவு தொடங்கிய காலத்திலிருந்து இங்கே நம்மவர் வேலை செய்த தோட்டங்களில் பெரும்பாலானவை முன்பு ரப்பர் நின்ற நிலங்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது வேலை இழந்து, வீடிழந்து பட்டணத்து ஓரங்களுக்கு வந்தவர்களும் நம்மவர்தாம். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்த வேண்டியவர் குலை வெட்டியவர் அல்லர்.

ஆனால் போர்னியோவில் நடந்தது வேறு. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1999 முதல் 2015 வரையிலான காலத்தில் மட்டும் போர்னியோ ஓராங் ஊத்தான்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவை அழிந்ததாக மதிப்பிட்டது. காடு முற்றிலும் அழிக்கப்பட்ட இடங்களில் அவை மிக வேகமாகக் குறைந்தன. ஆனால் எண்ணிக்கையில் பெரும்பகுதி இழப்பு இன்னும் மரங்கள் நிற்கும் காடுகளில் நேர்ந்தது. இறைச்சிக்காகவும், பயிருக்குள் வந்ததற்காகவும் கொல்லப்படுகின்றன என்பதே இதன் பொருள். இளஞ்செம்பனையின் குருத்து அவற்றுக்குப் பிடிக்கும். குருத்தைப் பிடுங்கினால் மரம் போயிற்று, மரம் போனால் கங்காணிக்குக் கோபம், பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றோரத்தில் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய காடுகளில் அவை பிழைத்திருக்கின்றன. நீந்தத் தெரியாத அவை கிளை ஆறுகளைக் கடப்பதற்காகக் கயிற்றுப் பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள், அவற்றில் ஓராங் ஊத்தான் கடந்து போனதைப் படமெடுத்தும் இருக்கிறார்கள். மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய படம் அது.

2024 மே மாதத்தில் அப்போதைய தோட்டத்தொழில், மூலப்பொருள் அமைச்சர் ஜொஹாரி அப்துல் கனி செம்பனை எண்ணெய் வாங்கும் நாடுகளுக்கு ஓராங் ஊத்தான்களை அன்பளிப்பாக அனுப்பலாம் என்றார். எதிர்ப்பு வந்தபின் ஆகஸ்டில், குரங்குகள் நாட்டைவிட்டுப் போகா, எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் அவற்றின் பாதுகாப்புக்குப் பணம் தரலாம் என்று திட்டம் மாறியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குரங்கைக் காட்டினால் காடு அழிவதை மக்கள் மன்னித்துவிடுவார்கள் என்ற எண்ணந்தான் அந்த முதல் யோசனையிலும் இருந்தது. ஆசிரியை அவர்களே, உங்கள் நோக்கம் அதுவன்று என்று அறிவேன். விளைவு அதுவாகிவிடக் கூடாது.

கோம்பாக் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. குட்டியோடு படம் எடுக்கும் திட்டத்தைச் சங்கத்திடம் கொண்டு போக மாட்டேன். அந்தச் சிக்காகோ ஆய்வு ஒன்றே போதும், தவிர எங்கள் பிள்ளைகள் படத்தைப் பகிர்ந்துகொள்ளும் வேகம் எனக்குத் தெரியும்.

ஆனால் விலங்குக்காட்சிச் சாலைக்குப் போவதை விட முடியாது. செப்பிலோக்குக்கு மாணவர்களை விமானத்தில் அழைத்துச் செல்ல எங்கள் பள்ளிப் பெற்றோரால் முடியாது. பேருந்துக் கட்டணத்தையே தவணையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். திரையில் யானையும் திமிங்கிலமும் டைனோசாரும் அவர்களுக்கு ஒரே அளவுதான். கண்ணாடிக்கு அப்பால் அந்த நகம் சுரண்டியபோதுதான் அது உயிருள்ளது என்று அவர்களுக்கு உறைத்தது. செந்தூல் நண்பர் அதைச் சலிப்பு என்கிறார், பழனி ஐயா இயல்பு என்கிறார். எதுவாகவும் இருக்கட்டும், அதைப் பார்த்தபின் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். தோட்டத்துப் பிள்ளை சொன்ன கினாபாத்தாங்கான் பாலத்தையும் கேட்கக்கூடிய மனநிலையில் இப்போதுதான் இருக்கிறார்கள்.

செந்தூல் வாசகன்

கேள்வி கேட்டார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஓராங் ஊத்தானைத் தவிர வேறு வழியில்லை என்பதுபோல் பேசுவதை ஏற்க முடியாது. நமது தீபகற்பத்துக் காடுகளிலேயே வாழும் வாலில்லாக் குரங்குகள் மூன்று இருக்கின்றன: வெண்கை உங்கா (கிப்பன்), கருங்கை உங்கா, சியாமாங். மூன்றுமே அழிவு அபாயப் பட்டியலில் இருப்பவை. மூன்றின் குட்டிகளையும் வளர்ப்புக்கென்று சமூக ஊடகங்களில் விற்கிறார்கள், ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் மரத்திலிருந்து சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு தாய் இருக்கிறது. இவற்றைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோலா குபு பாரு வழியாகப் பிரேசர் மலைக்குக் கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் போய்விடலாம். அதிகாலையில் சியாமாங் இணை தொண்டைப் பையை ஊதிக்கொண்டு மாறி மாறிக் கூவுவது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஆண் ஒரு குரல், பெண் ஒரு குரல் என்று தொடங்கி இரண்டும் உச்சத்தில் சேரும்போது அடிவயிறு அதிரும். கண்ணாடியும் இல்லை, கட்டணமும் இல்லை.

அம்பாங் பழனி

யோசனை நல்லதுதான். ஆனால் அதிகாலையில் கூவலைக் கேட்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே மலையில் தங்க வேண்டும். அந்த வளைவுப் பாதையில் முப்பது நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். மழை பெய்தால் சியாமாங் வாயே திறக்காது. பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு போய், மூடுபனியைக் காட்டிவிட்டுத் திரும்பினால் அடுத்த ஆண்டு ஒருவரும் கையொப்பமிட மாட்டார்கள்.

செந்தூல் வாசகன்

கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்பதுதான் காடு, ஐயா. நாம் போகும் நேரத்துக்கு வந்து உட்காரும் கடமை எந்த விலங்குக்கும் இல்லை என்பதைப் பத்து வயதில் அறிந்துகொள்வது ஒரு பாடமாகாதா?

கிள்ளான் தோட்டத்துப் பிள்ளை

பாடந்தான், செந்தூல் அண்ணே. ஆனால் அந்தப் பாடத்துக்கு இரவுத் தங்கல் செலவை யார் கட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எங்கள் தோட்டப்பள்ளியில் கடற்கரைப் பயணமே பாதிப் பேருக்கு வாய்க்கவில்லை.

பினாங்குக் கடலோரம்

ஆசிரியை அவர்களே, சாலைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யலாம். கூண்டுக்கு முன்னால் போய் நின்றவுடன் விளக்கம் சொல்லத் தொடங்காமல், பத்து நிமிடம் பிள்ளைகளைச் சும்மா பார்த்து எழுதச் சொல்லுங்கள். குரங்கு எத்தனை முறை ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்கிறது, எத்தனை முறை எதையாவது கையில் எடுத்து ஆராய்கிறது, கிளை இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தச் சாலை நல்லதா இல்லையா என்பதைப் பிள்ளைகளின் குறிப்பேடே சொல்லிவிடும். நாம் இங்கே அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோம்பாக் ஆசிரியை

இதைச் செய்கிறேன். அறிவியல் செயற்பாங்குத் திறன்களுக்கும் பொருந்தும். குறிப்புகளைச் சாலை நிர்வாகத்துக்கே அனுப்பி வைக்கவும் எண்ணுகிறேன். பிரேசர் மலையை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு, தேர்வு முடிந்தபின், வைத்துக்கொள்ள முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்கிறேன். செலவுக்கு நன்கொடையாளர் கிடைக்க வேண்டும்.

செந்தூல் வாசகன்

பிரேசர் மலைக்கு ஒரு பேருந்தின் வாடகையை நான் ஏற்கிறேன், தனிமடலில் எழுதுங்கள். விலங்குக்காட்சிச் சாலைப் பயணத்தைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. என் மகளின் பள்ளியிலும் இதே பயணத்துக்கு அனுமதிப் படிவம் வந்திருக்கிறது, நான் கையொப்பமிடவில்லை.

அம்பாங் பழனி

கையொப்பமிடாதது உங்கள் உரிமை. போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: சளி, இருமல், காய்ச்சல் உள்ள பிள்ளையை அன்று வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். நம்முடைய சளி மனிதக் குரங்குகளுக்கு எளிதில் தொற்றும். 2021 இல் சான் டியாகோவில் கொரில்லாக்களுக்கே கோவிட் வந்தது. கண்ணாடி இருக்கும் இடத்தில் கவலை குறைவு, அகழி மட்டும் இருக்கும் திடலில் பின்னாலேயே நிற்கட்டும். யாராவது பிஸ்கட் எறிந்தால் ஆசிரியர் என்று பாராமல் பராமரிப்பாளர் திட்டுவார், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.